துரை தனியாக இறக்கிய படகு

பாய்மரப் படகைத் தண்ணீரில் இறக்க ஓர் இறங்குதுறை வேண்டும், கூடவே நாலு ஆளாவது வேண்டும் என்று மக்களிடையே ஒரு நம்பிக்கை நிலவுகிறது. இது பிழை. உடனடியாகத் திருத்தப்பட வேண்டிய பிழை. ஒரே ஓர் ஆள் போதும், அவர் துரையாக இருந்தால். கஹவத்தைப் பக்கத்துத் தோட்டங்களில் ரோடு வெட்டியது, பாலம் கட்டியது, மலை மலையாகத் தேயிலை நட்டது எல்லாமே தனித்தனித் துரைமார்தான். கல்லில் அவர்கள் பெயர் மட்டுமே இருக்கிறது.

அந்த வரிசையில் வந்தவர் தோட்ட மேலாளர் ஸ்டீபன் துரை. சின்னப் பாய்மரப் படகொன்றை ட்ரெய்லரோடு வாங்கியிருந்தார். கொழும்பில் ஒரு படகுக் கிளப்பில் சேர அவருக்கு ஆசை. யாருடைய உதவியும் இல்லாமல் படகை இறக்க வேண்டும், அதை வெட்டாமல் ஒட்டாமல் ஒரே வீடியோவாக அனுப்ப வேண்டும் என்பது கிளப்பின் நிபந்தனை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, எம்பிலிப்பிட்டியப் பக்கம் ஒரு குளக்கரையில் ஜீப் வந்து நின்றது. வீடியோ எடுக்க டிரைவர் சதீஸ்.

சதீஸுக்குப் படகில் அக்கறை இல்லை. வழி நெடுக வேறொரு பேச்சை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான். முந்தின நாள் அவன் மனைவி சுகந்தினி காய்ச்சலோடு கொழுந்தெடுக்கப் போனாள். நிறுவைக்குப் போகும்போது, பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த செலினா இரண்டு பிடி கொழுந்தை இவள் சாக்கில் போட்டாள். துரை பார்த்துவிட்டார்.

“அவங்கவங்க வேலைய அவங்கவங்கதான் செய்யணும்” என்றார்.

சுகந்தினிக்கு அரைப் பேர். அதாவது, நாள் முழுக்க மலையில் நின்றவள் அரைநாள்தான் வேலை செய்தாள் என்று பதிவு.

அதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். துரை சந்தோஷமாக இருக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்க வேண்டும்.

“சதீஸ், நீ வீடியோவுக்குள்ள வரக் கூடாது. ஒன் நெழல்கூட விழக் கூடாது.”

“சரிங்க சார்.”

“நான் என்ன கஷ்டப்பட்டாலும் எதையும் தொடாத.”

“தொட மாட்டேங்க சார்.”

சதீஸ் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று போனைப் பிடித்தான். மீன் வாங்க வந்திருந்த வியாபாரி பளீல், மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தார்.

“தம்பி, ஒங்கட தொர குளிக்க வந்தாரா, படகைக் குளிப்பாட்ட வந்தாரா?”

“சத்தம் போடாதீங்க நானா, ரெக்கோட் ஆவுது.”

துரை ஜீப்பைப் பின்னுக்கு எடுத்தார். ட்ரெய்லர் தண்ணீருக்குள் இறங்கியது. பட்டியை அவிழ்த்துப் படகை ஒரு தள்ளு தள்ளினார். மிதந்தது. மறுபடி ஜீப்பில் ஏறி ட்ரெய்லரைக் கரைக்கு இழுத்தார்.

படகின் மூக்கில் ஒரு நீளக் கயிறு உண்டு. இறக்குவதற்கு முன்பே அதன் மறுநுனியை ட்ரெய்லரில் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் படகு தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். இதைத் துரை படித்திருந்தார். வரும் வழியில் சதீஸுக்கு விளக்கியும் இருந்தார். ஆனால் அவருடைய உத்தியோக வாழ்க்கையில் கயிறு என்பது, அவர் திரும்பிப் பார்க்கும்போது யாரோ ஏற்கெனவே கட்டிவிட்டிருக்கும் பொருள். இன்றைக்கும் கட்டியிருக்கும் என்றே இருந்துவிட்டார்.

படகு காற்றோடு கிளம்பியது.

“தொர கரைக்கு வாராரு, படகு ஊருக்குப் போவுது!” என்றார் பளீல்.

கயிற்றின் நுனி சதீஸின் காலடியில் நழுவிக்கொண்டிருந்தது. படகு நடுக்குளத்துக்குப் போனால் துரையின் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்த முகத்திடம் அரைப் பேரைப் பற்றிப் பேச முடியாது.

தொட மாட்டேன் என்றது கையால்தானே. காலால் மிதித்தான்.

போன் ஒரு குலுக்குக் குலுங்கியது. படகு நின்றது. துரை நிதானமாக இறங்கி வந்து, தண்ணீரில் கிடந்த கயிற்றைக் கையில் எடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பும்போது சதீஸ்தான் ஜீப்பை ஓட்டினான்.

“பாத்தியா? காத்தப் புரிஞ்சுக்கிட்டா படகு சொன்ன பேச்சு கேக்கும்.”

“கயித்த நான் மிதிச்சேங்க சார்.”

துரை கொஞ்சம் யோசித்தார். “மிதிச்ச, சரி. அதெல்லாம் ஒரு ஒதவியா? படகை எறக்குனது யாரு?”

“சார்தான்.”

“ட்ரெய்லர இழுத்தது?”

“சார்தான்.”

“அப்ப வேலை யாரோடது?”

“சாரோடது.” சதீஸ் கியரை மாற்றினான். “சுகந்தினியும் அப்படித்தாங்க சார். சாக்குல கெடந்த கொழுந்தெல்லாம் அவ எடுத்தது. செலினாக்கா போட்டது ரெண்டே பிடி.”

துரை வெளியே றப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். கஹவத்தை டவுன் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். முழுப் பேர் போடச் சொல்றேன்.”

சதீஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இவரைப் போய் தொழிலாளர் லயத்தில் கல்நெஞ்சக்காரர் என்கிறார்களே என்று வீட்டுக்கு வந்தும் சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சுகந்தினிக்கு முழுப் பேர் விழுந்தது.

கிளப்பும் துரையைச் சேர்த்துக்கொண்டது. ஒருவராகவே இவ்வளவு நேர்த்தியாகப் படகை இறக்கியதைக் கண்டதில்லை என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். நடுவில் ஓர் இடத்தில் வீடியோ ஆடுகிறது என்பது மட்டும் ஒரு சின்னக் குறை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு சதீஸுக்கு அரைப் பேர்.