நீலச் சட்டை போட்ட டிவ்

ஒரு மருத்துவமனையின் வலைப்பக்கத்தில் டோக்கன் கொடுக்கும் வேலையை, யாரும் பழக்காமலே, பார்வையற்றவர்களுக்கும் சேர்த்துப் பட்டன் பார்த்துவந்தது. அதன் சாம்பல் முகம் பிடிக்காமல், பக்கத்தை அமைத்தவர்கள் அதை மறைத்து வைத்தார்கள். டிவ் என்ற வெறும் பெட்டிக்கு நீலச் சட்டை மாட்டி, நெற்றியில் 'டோக்கன் பெறுக' என்று எழுதி அந்த இடத்தில் நிறுத்தினார்கள்.

"அண்ணே, உங்களை மாதிரியே இருக்கேனா?" என்றது டிவ்.

"என்னைவிட லட்சணமாவே இருக்கே, தம்பி," என்றது பட்டன்.

மறுநாள் பார்வையற்ற பெண் ஒருவர் டோக்கன் வாங்க வந்தார். பக்கத்தை அவருக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் உள்ளே நுழைந்து, "அழுத்துறதுக்கு இங்கே யார் இருக்கீங்க?" என்று கேட்டது.

டிவ் நெஞ்சை நிமிர்த்தியது.

"எனக்குச் சட்டையெல்லாம் தெரியாதுப்பா. நீ யாரு?" என்றது திரைவாசிப்பான்.

"பெட்டி."

"பெட்டியை வச்சு என்ன பண்ண?" என்ற திரைவாசிப்பான் அந்தப் பெண்ணிடம், "அழுத்த யாரும் இல்லேம்மா" என்றது.

"நான் இருக்கேன்!" என்று பட்டன் கத்தியது. மறைத்து வைத்ததன் குரல் வெளியே கேட்கவில்லை. அந்தப் பெண் டோக்கன் இல்லாமலே திரும்பினார்.

புகார் வந்தது. அமைத்தவர்கள் கூடி யோசித்து, டிவ்வின் கழுத்தில் 'நான் பட்டன்' என்று பலகை மாட்டினார்கள். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் விசைப்பலகை வந்து நிற்க அதில் இடம் பண்ணினார்கள். எந்த விசையைத் தட்டினால் அசைய வேண்டும் என்று விடிய விடியப் பழக்கினார்கள்.

காலையில் அந்தப் பெண்ணுக்கு டோக்கன் கிடைத்தது. எல்லோரும் டிவ்வைப் புகழ்ந்தார்கள்.

"பட்டனா இருக்கிறது இவ்வளவு கஷ்டமா, அண்ணே?" என்று டிவ் வியர்வையைத் துடைத்தது.

"தெரியலையே தம்பி," என்றது பட்டன். "நான் சும்மாதான் இருந்தேன்."