போன வருஷத்து ஊசி

பஸ் டிப்போ ஃபோர்மேன் தன் அனுபவத்தைச் சொல்ல ஆரம்பித்தால், எதிரே நிற்பவர் தலையாட்டியே ஆகவேண்டும்.

"ஃப்ளூ ஊசி நல்லதா கெட்டதான்னு டாக்டருங்க ஆயிரம் சொல்லட்டும்யா. போன வருஷம் நான் போட்டுக்கிட்டேன். அடுத்த மாசமே ஃப்ளூ வந்து ரெண்டு வாரம் படுத்த படுக்கை. பட்டவன் சொல்றேன், கேட்டுக்குங்க!"

பட்டவன் சொன்னால் கேட்காமல் இருப்பார்களா? டிப்போவில் நடந்த இந்த வருட ஊசி முகாமை மெக்கானிக் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. சாப்பாட்டு அறையில் ஊசியும் பஞ்சுமாக நர்ஸ் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். நர்ஸையே நேரில் மடக்கிவிடலாம் என்று, பத்துப் பேரைப் பின்னால் கூட்டிக்கொண்டு ஃபோர்மேன் உள்ளே நுழைந்தார்.

"போன வருஷமும் நீங்கதானேம்மா வந்தீங்க? ஊசி போட்டும் எனக்கு எப்படி ஃப்ளூ வந்துச்சு?"

நர்ஸ் அவரை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடே, நீங்களா சார்! உங்களுக்கு நான் எங்க போட்டேன்? ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்துட்டீங்களே! தண்ணி தெளிச்சு எழுப்பி, இன்னொரு நாள் வாங்கன்னு அனுப்பி வச்சோம். அரை மயக்கத்துல அது உங்க காதுல விழல போலிருக்கு."

"அப்போ... கையில பிளாஸ்திரி ஒட்டியிருந்துச்சே?"

"விழுறப்போ மேஜை முனையில சிராய்ச்சுக்கிட்டீங்க சார்."

பின்னால் பத்துப் பேரும் சிரிப்பை அடக்கப் படும் பாடு ஃபோர்மேனுக்கு நன்றாகவே கேட்டது. அசடு வழிய நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"ரெண்டு பேர் வந்து என்னைப் பிடிச்சுக்குங்கப்பா. அம்மா, இந்தத் தடவை நான் விழுந்தாலும் விடாதீங்க. போட்டுட்டே எழுப்புங்க!"