பெயர்ப் பலகைக்கு ஒரு சிரிப்பு

தம்பி தன் பெரிய டிஎஸ்எல்ஆர் கேமராவைக் கண்ணில் வைத்ததும் அக்காவின் முகம் கல்லாகிவிடும், இறக்கினால் மலர்ந்துவிடும். ஏனென்றுதான் பிடிபடவில்லை. அக்காவின் புதுத் தையல் கடைப் பலகைக்குப் பன்னிரண்டு மணிக்குள் படம் போயாக வேண்டும்.

கேமராவை இறக்கிவிட்டுக் கத்தினான். “சிரின்னு எத்தனை தடவைக்கா சொல்றது?”

“நீ எங்கடா சொன்ன?”

“தொண்டை வத்தச் சொன்னேன்! தாடையை இறக்குன்னேன், இந்தப் பக்கம் திரும்புன்னேன்…”

“புளுகாதடா. உம்முன்னு நின்னுட்டு!”

நாற்பது படங்கள் வீண். கை கடுத்துப்போய், பையிலிருந்த கையடக்கக் கேமராவை எடுத்தான். அதைக் கண்ணில் வைக்க வேண்டியதில்லை. பின்திரையை மேல்நோக்கித் திருப்பி, நெஞ்சருகே பிடித்தால் போதும்.

“கொஞ்சம் சிரியேன்க்கா” என்றான், சலிப்போடு.

அக்கா பளிச்சென்று சிரித்தாள்.

“இப்ப மட்டும் எப்படி?”

“மக்கு! எட்டு வயசுலேயே காது போனவ நான். உன் உதட்டைப் பார்த்துத்தானே இத்தனை வருஷமா சண்டை போடறேன்? அதைப் போய் அந்தப் பெட்டியால மூடிக்கிட்டா?”

தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான். வாயாடுவதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. அதனாலேயே அவளுக்குக் காது கேட்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

பெரிய கேமராவைப் பையில் போட்டு மூடினான். சின்னதை நெஞ்சருகே பிடித்தான். அவன் வாய் அக்காவுக்குத் தெரிந்தது.