பதினாலுக்குப் பத்து

"தாளை நல்லாப் பாருங்கம்மா. இது நீங்க போட்டதுதானே?"

தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய அளவுநாடாவை ஒதுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஆராய்ச்சிக்காரிக்கு எரிச்சல் தலைக்கேறியது. கை தவறிப் போட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த அம்மா?

ஒரு வருட உழைப்பு. மனிதர்களைச் சும்மா சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தாலே போதும், தன் பக்கம் உசத்தி, எதிர்ப்பக்கம் மட்டம் என்று ஆகிவிடும். அதைத்தான் அவள் நிரூபிக்க நினைத்தாள்.

அதற்காகவே அறையின் நடுவில் ஆளுயரத் தடுப்பு வைத்தாள். இந்தப் பக்கம் சிவப்பு எட்டுப் பேர், அந்தப் பக்கம் நீலம் எட்டுப் பேர். போக வரத் தனித்தனி வாசல். பெயர் கிடையாது, எண்தான். ஒவ்வொருவரும் மற்ற பதினைந்து பேருக்கும் பத்துக்குள் புள்ளி போட வேண்டும்.

போட்டார்கள். சிவப்பு சிவப்புக்கு அள்ளிக் கொடுத்தது, நீலத்துக்குக் கிள்ளிக் கொடுத்தது. நீலமும் சளைக்கவில்லை.

சிவப்பில் ஏழாம் எண்ணான இந்த அம்மா மட்டும் எல்லோருக்கும் ஆளுக்கொரு புள்ளி போட்டுவிட்டு, நீலத்தில் இருந்த பதினாலாம் எண்ணுக்குப் பத்து போட்டிருந்தாள்.

காரணம் கேட்டு எழுது, இல்லையென்றால் அன்றைய தாள்களை மொத்தமாகத் தூக்கிப் போடு என்று காலையிலிருந்து மூன்று முறை அவளுடைய பேராசிரியர் போனில் கூப்பிட்டுவிட்டார். தூக்கிப் போட்டால் இன்னொரு பதினாறு பேருக்கு எங்கே போவது?

"அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னே தெரியாம, எதுக்கும்மா இப்படி?"

"தெரியுமே."

"எப்படித் தெரியும்? நடுவுல தடுப்பு இருந்துச்சே!"

"நீங்கதானே நம்பர் கூப்பிட்டீங்க. பதினாலுன்னதும் 'இருக்கேன்'னா. என் தங்கச்சி குரல் எனக்குத் தெரியாதா?"

ஆராய்ச்சிக்காரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று அவளேதான் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"பேசி ஒம்பது வருஷம் ஆச்சு" என்றாள் தையல்காரம்மா. "தெருவுல எதிர்ல வந்தா, யாரோ எவரோன்னு தாண்டிப் போவா. அப்பா செத்தன்னைக்கும் அப்படித்தான்."

மேசையில் இருந்த தாள்கட்டை எட்டிப் பார்த்தாள்.

"அவ எனக்கு எவ்வளவு போட்டா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா."

சொல்லக் கூடாதுதான். ஆனால் தங்கச்சியும் குரலைக் கேட்டுப் புள்ளி போட்டிருந்தால்? கட்டைப் பிரித்துப் பதினாலாம் எண்ணின் தாளை உருவினாள். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டு வைத்த தாள் அது.

நீலத்துக்கெல்லாம் ஒன்பது. சிவப்புக்கு ஆளுக்கு மூன்று. அப்பாடா என்று மூச்சு விடப் போனவள், ஏழுக்கு நேராகப் பார்த்தாள். பேனா முனை தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்திப் போட்ட பூஜ்யம்.

ஆக, ஒன்றல்ல, இரண்டு தாள் பாழ்.

"முட்டை!" அவளை மீறி வந்துவிட்டது. "உங்களுக்கு முட்டை போட்டிருக்காங்க உங்க தங்கச்சி! போதுமா? அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து என் ஒரு வருஷத்தைக் கெடுத்தாச்சு!"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தையல்காரம்மா அளவுநாடாவின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"எங்க பக்கம் எல்லாருக்குமே முட்டையா?"

"இல்லம்மா." ஆராய்ச்சிக்காரியின் குரல் இறங்கியிருந்தது. "மத்தவங்களுக்கு மூணு. உங்களுக்கு மட்டும்தான்."

தையல்காரம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்போ என் குரலும் அவளுக்கு மறக்கல."