இரும்புக் கதவில் ஒரு போர்வை

மூன்றாம் நாள் காலையிலும் குதிரைக்குட்டியின் மேல் போர்வை இல்லை.

அது மேய்ச்சல் நிலத்தின் இரும்புக் கதவில் தொங்கியது. நான்காக மடித்து, பட்டைகளை உள்ளே செருகி, உட்புறம் நனையாதபடி.

அயர்லாந்தின் கால்வே கடற்கரை மூட்டத்தில் குட்டி எங்கே என்று டீலியாவுக்கு உடனே தெரியவில்லை. பிறகு மூட்டத்திலேயே ஒரு துண்டு அசைந்தது. சாம்பல் நிறம். இரண்டு காதுகள் முளைத்தன. தாயிடமிருந்து பிரித்து ஆறு வாரம்தான் ஆகிறது. அதற்கு இது முதல் குளிர்காலம்.

"சளி பிடிச்சுச் செத்தா யாரு பொறுப்பு? பாவி மனுஷன்!"

தபால்காரர் கோல்மன் வண்டியை நிறுத்தித் தலையை நீட்டினார். "காலங்காத்தால யாரும்மா பாவி?"

"வேற யாரு? பக்கத்து நிலத்து மாலக்கிதான். தினம் சாயங்காலம் நான் போட்டுட்டுப் போறேன். விடிஞ்சா கதவுல தொங்குது. வயித்தெரிச்சல்!"

"இவ்வளவு அழகா மடிச்சு வைக்கிற வயித்தெரிச்சலை நான் பார்த்ததே இல்ல. என் வீட்டுக்கு ஒரு நாள் அனுப்பி வையுங்க, துணியெல்லாம் அப்படியே கிடக்குது."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். டீலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருஷம் முன்பு மாலக்கியிடமும் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண் குதிரைக்குட்டி இருந்தது. டீலியாதான் தன் குதிரையின் பழைய போர்வையைக் கிழிசல் தைத்து, சுவர் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "வளர்ற குட்டி, பெருசாவே இருக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தாள். அந்த மாதமே குட்டி செத்துப்போயிற்று. வயிற்றுவலி என்றார் மாலக்கி. அதோடு அவள் வாசலில் நின்று பேசுவதையும் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பார்த்தால், தொப்பியைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். கொடுத்த கைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லத் தெரியாத மனுஷன் என்று ஊரில் நாலு பேரிடம் டீலியா சொல்லியிருக்கிறாள்.

அன்று மாலை குட்டிக்குப் போர்வையைப் போட்டாள். வீட்டுக்குப் போவதுபோல் போய், கல்சுவர் மறைவில் நின்றாள்.

வெளிச்சம் கரைகிற நேரத்தில் மாலக்கி வந்தார். மூட்டம் இடுப்புவரை இருந்தது. தண்ணீரில் நடப்பவர் மாதிரி மெதுவாக வந்தார். குட்டி தானாகவே அவரிடம் போயிற்று.

என்னவோ முணுமுணுத்துக்கொண்டே முதலில் பின்னங்கால் பட்டைகளைக் கழற்றினார். பிறகு வயிற்றுப் பட்டை. கடைசியில் மார்புக் கொக்கி. தூங்கிவிட்ட குழந்தைக்குச் சட்டை மாற்றுகிற கை.

"கையும் களவுமாப் பிடிச்சேன்!"

அவர் திரும்பிப் பார்த்தார். "பெருசு, டீலியா."

இரண்டு வருஷத்தில் அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"பெருசாத்தான் இருக்கும். வளர்ற குட்டி. அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்னு எடுத்தேன்."

"அடுத்த வருஷத்துப் போர்வையை அடுத்த வருஷம் போட்டுக்கலாம். தோள்கிட்ட ஒரு கை நுழைஞ்சாப் போதும். இதுல என் தலையே நுழையும். ஒரு பக்கமாச் சரியும், பட்டை கீழே தொங்கும். குட்டி படுத்து எழுந்திரிக்கிறப்போ..."

குனிந்து குட்டியின் பின்னங்காலைத் தடவிப் பார்த்தார்.

"அதுக்காக மழையில நிக்க விடுறதா?"

"உடம்பு பூரா ரோமம் இருக்கு. ஒதுங்கச் சுவர் இருக்கு. போட்டே தீருவேன்னா, அளவா ஒண்ணு நேத்து வாங்கி வச்சிருக்கேன். வந்து எடுத்துக்கோ. ஆனா தினம் ரெண்டு வேளை பட்டையைப் பாரு. மாசா மாசம் அளந்து பாரு."

"இதை வாயைத் திறந்து சொன்னா என்ன? ரெண்டு வருஷமா வாயைத் தைச்சா வச்சிருந்தீங்க?"

அவர் தன் கொட்டகையை நோக்கி முன்னே நடந்தார்.

கொட்டகையில் விளக்கைப் போட்டுவிட்டு, மூலையிலிருந்த பெட்டிக்குள் குனிந்தார். வைக்கோல் வாசனை. கூரையில் மழை மெல்ல இறங்கத் தொடங்கியது.

சுவரில், ஆணியில், ஒரு பச்சைப் போர்வை தொங்கியது. ஓரத்தில் சிவப்பு நூல் தையல்.

"அட, நான் கொடுத்தது! இன்னுமா வச்சிருக்கீங்க?"

தன் தையலைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் பிரியவில்லை. மார்புக் கொக்கி அப்படியே இருந்தது. வயிற்றுப் பட்டையும் அப்படியே. கை இன்னும் கீழே போயிற்று.

அங்கே நின்றது.

ஒரு பின்னங்கால் பட்டை நடுவில் கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது. முறுக்கேறிக் கிடந்த அந்த முனையில் செம்பழுப்பு ரோமம் ஒட்டிக் காய்ந்திருந்தது.

"மாலக்கி... உங்க குட்டி..."

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. புதுச் சின்னப் போர்வையைக் காகிதத்திலிருந்து பிரித்து, உதறி, மறுபடி நான்காக மடித்தார்.

"வயித்துவலி, டீலியா," என்றார். "அன்னிக்கே ஊர் பூராவும் சொன்னேனே."