வெள்ளைத் தூசி

அல் கோபாரில் புழுதிக்காற்று இன்று காலைதான் அடங்கியிருக்கிறது. ஜன்னல் வெயில் விழும் தரையில் கம்ப்யூட்டரைக் கிடத்தி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியிருக்கிறாள் சந்திரகலா. நாளை மகளுக்கு ஆன்லைன் பரீட்சை. இதுவோ சூடேறிச் சூடேறி அணைந்துபோகிறது. “எல்லாம் இந்தப் பாலைவனத்து மண்ணு,” என்று வேக்குவம் கிளீனரை இழுத்து வருகிறான் கணவன் சரவணகுமார். “அது வேணாங்க, போர்டு போயிரும்.” பிளக் பிடுங்கியிருப்பதை இன்னொரு முறை பார்த்துவிட்டு, உள்ளிருக்கும் குட்டி விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் மெல்லத் தட்டுகிறாள். விரித்த காகிதத்தில் உதிர்வது மண்நிறமாக இல்லை, வெளுத்திருக்கிறது. அவன் காகிதத்தை அள்ளிக்கொண்டு குப்பைக்கூடைக்குப் போக, அவள் விரலில் ஒட்டியதைத் தேய்த்துப் பார்க்கிறாள். நெறுநெறுக்கவில்லை, மாவாக வழுக்குகிறது. முகர்ந்தால் கற்பூர வாசம். கம்ப்யூட்டர் இருந்த அலமாரியை அண்ணாந்து பார்க்கிறாள். மேல்தட்டில் முருகன் படம், மூடாத விபூதிக் கிண்ணம். தினமும் அவன் அங்கே நின்றுதான் நெற்றியில் பட்டை போடுகிறான். “ஏங்க, அது பாலைவனம் இல்ல. பழனி விபூதி.” கூடையின் மூடியை மிதித்துத் திறந்த சரவணகுமார் அப்படியே நிற்கிறான். கொட்டத்தான் கை வரமாட்டேன் என்கிறது.