ஊசி போட்ட பால்

எங்கள் பசு செவலைக்கு மடி வீங்கினால் எங்களுக்குக் கொண்டாட்டம். மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனால், சில நாட்களுக்கு அதன் பாலைச் சங்கத்தில் வாங்கமாட்டார்கள். கீழே கொட்ட அம்மாவுக்கு மனசு வராது. வீங்கிய காம்பின் பாலை மட்டும் எருக்குழியில் பீய்ச்சிவிட்டு, மற்ற மூன்று காம்புகளின் பாலையும் அகலச் சட்டியில் ஊற்றிப் பால்கோவா கிளறுவாள். "காய்ச்சினா மருந்தெல்லாம் போயிரும்டீ" என்பாள். எவ்வளவு ஏலக்காய் தட்டிப் போட்டாலும் அடிநாக்கில் லேசாக ஒரு கசப்பு நிற்கும். பால்கோவா என்றாலே அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். மற்ற நாட்களில் எங்களுக்குப் பாலில்லாத வரக்காப்பிதான். அதனால் நானும் தங்கை ஆவுடையும் தொழுவத்தில் நின்று, செவலைக்கு மறுபடியும் மடி வீங்க வேண்டும் என்று சாமி கும்பிட்டிருக்கிறோம்.

இப்போது ஆவுடை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். சிறுநீரில் தொடங்கிய கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தும் எந்த மருந்துக்கும் அது மசியவில்லை என்கிறார் டாக்டர்.

"செவலைக்கும் கடைசியில இப்பிடித்தானக்கா, எந்த ஊசியும் கேக்கல" என்று சிரித்தாள் ஆவுடை. பிறகு பால்கோவா கேட்டாள்.

நல்ல பாலாகப் பார்த்து வாங்கி, அம்மாவின் சட்டியிலேயே கிளறி எடுத்துப் போனேன். விரல் நுனியில் எடுத்து அவள் நாக்கில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் சப்பிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்குக்கா" என்றாள். "அந்தக் கசப்பைத்தான் காணோம்."